கறை படாத சமையல் புத்தகம்

பழைய புத்தகக் கடை அலமாரியில், ஒரே சமையல் புத்தகத்தின் முதல் பதிப்பும் பத்தாம் பதிப்பும் ஒட்டி ஒட்டி நின்றன.

"தள்ளி நில்லு, எண்ணெய் ஒட்டிக்கும்" என்றது முதல் பதிப்பு.

"என்ன பண்றது அண்ணே, அடுப்படியிலேயே கிடந்துட்டேன்" என்றது பத்தாம் பதிப்பு.

அன்று வந்த ஒருவர் முதல் பதிப்பை எடுத்து, அச்சான வருஷத்தைப் பார்த்ததும் கூவினார்.

"முதல் பதிப்பேதான்! ஓரம் ஒட்டின தாளைக்கூட யாரும் பிரிக்கலை. ஒரு ரசத்துளி இல்லை!"

கடைக்காரர் கேட்ட விலையை அப்படியே கொடுத்தார். பத்தாம் பதிப்பு கொசுறாகக் கிடைத்தது.

"பார்த்தியா என் மவுசை?" என்றது முதல் பதிப்பு.

வீட்டில் முதல் பதிப்பைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். பத்தாம் பதிப்பு சமையலறைக்குப் போனது.

சற்று நேரத்தில் பூட்டின் இடுக்கு வழியாக ஒரு வாசனை வந்தது. முதல் பதிப்பு கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு கத்தியது.

"டேய் தம்பி, என்னடா இது?"

"நம்ம நாற்பத்தோராம் பக்கம், அண்ணே! வத்தக்குழம்பு!" என்று சமையலறையிலிருந்து பதில் வந்தது.

"இதுவாடா இத்தனை வருஷமா எனக்குள்ள இருந்துச்சு?"