படகே வராத படித்துறை

"படகா? இந்தச் சாக்கடையிலயா? யாரோ உங்க காதுல பூ சுத்திட்டா!" என்று சிரித்தார் பட்டாபிராமன்.

சிரிப்பு உதட்டோடு நின்றது. கல்கத்தா காளிகாட்டில், சாக்கடையாகிப்போன ஆதிகங்கை ஆற்றின் கரையில் இருக்கும் பூர்வீக வீட்டை இடித்து, பிள்ளைக்கும் பெண்ணுக்கும் ஆளுக்கொரு ஃபிளாட் வருகிற மாதிரி புரமோட்டரிடம் பேசி முடித்திருந்தார். அடுத்த வாரம் கையெழுத்து. இந்த நேரம் பார்த்து, ஆற்று வியாபார வரலாற்றை விசாரிக்கிறேன் என்று சாதனா என்ற பெண் ஃபைலும் கையுமாக வந்து உட்கார்ந்திருக்கிறாள். ஹெரிடேஜ் என்று போர்டு மாட்டிவிட்டால் ஒரு செங்கல்லை அசைக்க முடியுமா?

"பின்னாடி படித்துறை இருக்கே சார்?"

"அப்பா கட்டினது. துணி துவைக்க."

"அதுல படகு கட்டற மாதிரி இரும்பு வளையம் இருக்கு."

"பசு கட்டினோம்."

"படியிலயா?"

"எங்காத்துப் பசு ரொம்ப சமத்து!"

காபியோடு வந்த மனைவி விஜயலக்ஷ்மிக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "ஏன்னா, உங்க தாத்தா காலத்து அரிசிப் படகு..."

"அடுப்புல பால் பொங்கறது பாரு, போ!"

முறைத்துக்கொண்டே போனாள்.

"அரிசிப் படகுன்னாங்களே? ஒரு பத்திரம், போட்டோ, எது இருந்தாலும் காட்டுங்க சார். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

எப்படித் துருவுகிறாள்! தாத்தா வாங்கிய படகுத்துறைப் பத்திரம் பீரோவில்தான் இருந்தது.

"ஒண்ணும் கிடையாது. வெறும் கரையா இருந்தது. அப்பா மண்ணைக் கொட்டி மேடாக்கி வீடு கட்டினார். நாப்பது வருஷம்கூட ஆகலை."

"பார்த்தா ரொம்பப் பழசா இருக்கே?"

"கல்கத்தா ஈரம்! நானே பழசாத்தான் தெரியறேன்."

"அப்ப அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவீங்களா?"

"பேஷா!"

மடமடவென்று எழுதி நீட்டினார். விட்டது சனியன் என்றிருந்தது அவருக்கு.

சாதனா அதை ஃபைலில் வைத்துவிட்டு, பையிலிருந்த அடையாள அட்டையை எடுத்துக் காட்டினாள்.

"மன்னிக்கணும் சார். முன்னாடியே சொன்னா, எங்க வீட்டுக்கும் படகு வந்ததுன்னு எல்லாருமே சொல்லுவாங்க. ஆத்தங்கரையை ஆக்கிரமிச்ச வீடுகளை இடிக்கற ஆபீஸ்லேர்ந்து வரேன். வியாபாரப் படகு வந்த பழைய படித்துறை வீடுகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. உங்க வீட்டை எப்படியாவது அதுல சேர்த்துடலாம்னுதான் இவ்வளவு நேரம் போராடினேன்."