நின்றுபோகும் சிரிப்பு

"மத்த நேரமெல்லாம் நெட் நல்லாத்தான் ஓடுது தம்பி. வெளிநாட்டிலேருந்து என் பொண்ணு கூப்பிடும்போது மட்டும் இழுக்குது."

செண்பகம் சொன்னது அலமாரி மேலிருந்த ரூட்டரின் காதில் விழுந்தது. பழுதுபார்க்க வந்தவர் கேபிளை மாற்றினார், ரூட்டரை ஒருமுறை அணைத்துப் போட்டார், போய்விட்டார்.

சாயங்காலம் மகள் நிலானி வீடியோவில் கூப்பிட்டாள். அவள் சிரித்ததும் படம் அப்படியே நின்றது.

"ஏம்ப்பா, என் பக்கம் எதுவும் நிக்கலையே. நீதானே பிடிச்சு வைக்கிறே?" என்றது புதுக் கேபிள்.

ரூட்டர் கூச்சத்தோடு முனகியது. "எத்தனையோ முகம் என் வழியாப் போகுது. ஒண்ணுகூட என்னைப் பார்த்துச் சிரிச்சதில்லை. இந்தச் சிரிப்பை மட்டும் கொஞ்ச நேரம் வச்சுப் பார்த்துட்டு அனுப்பிடுறேன்."

"அடப்பாவி! அந்தம்மாவைப் பாரு."

செண்பகம் போன் திரையைப் புடவைத் தலைப்பால் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நிலாம்மா, அம்மா தெரியுறேனா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். இணைப்பு அறுந்துபோனது.

சற்று நேரத்தில் நிலானி மறுபடியும் கூப்பிட்டாள். அவள் சிரிக்கத் தொடங்கியதும் ரூட்டர் கண்களை இறுக மூடிக்கொண்டு வழிவிட்டது.