டாஃபித் தாளில் ஒரு பல்

பல்லைக் கையில் பொத்திக்கொண்டு, கணக்கு வாத்தியார் பல் டாக்டரின் அறைக்குள் ஓடாத குறையாக நுழைந்தார். மறு கையைப் பிடித்தபடி ஐந்து வயது மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள்.

“டாக்டர், பிள்ளை பல்லு விழுந்துடுச்சு! சோபா இடுக்குல, டாஃபித் தாள்ல ஒட்டிக்கிட்டுக் கிடந்துச்சு.”

“நான் டாஃபியே திங்கலை,” என்றாள் மகள்.

“பொய் வேற!”

பள்ளி விடுமுறை தொடங்கிய அன்றே, வேலைக்குக் கிளம்பிய மனைவி வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். “வீட்டுல நீங்கதான் இருக்கப்போறீங்க. லீவு முடியறதுக்குள்ள பிள்ளை பல்லுக்கு ஏதாவது ஆச்சு, அப்புறம் நான் மனுஷியா இருக்கமாட்டேன்.” அதை நினைத்தாலே வாத்தியாருக்கு வாய்க்குள் குளிர்காற்று புகுந்த மாதிரி கூசியது.

அவரும் சும்மா இருந்துவிடவில்லை. உறவுக்காரர் கொடுத்த டாஃபி டப்பாவை அலமாரி உச்சியில் ஏற்றினார். தூங்கப்போகும்முன் பல் துலக்க ஓர் அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டினார். வகுப்பில் நாற்பது பேரை மேய்க்கிறவர், வீட்டில் ஒரு வாண்டிடம் கோட்டை விட்டுவிட்டோமே என்று குமைந்தார்.

டாக்டரம்மா மகளை நாற்காலியில் ஏற்றிவிட்டு, “வீட்டுல எண்ணிப் பார்த்தீங்களா?” என்று கேட்டார்.

“பார்க்கப் போனேன். விரலைக் கடிச்சிட்டா.” கட்டுப் போட்ட விரலைக் காட்டினார்.

“கடி பலமாத்தான் இருக்கு.”

“அது என்ன டாஃபியோ டாக்டர்! உள்ள கல்லு மாதிரி பருப்பு. துப்பத்தான் வேண்டியிருக்கு. பிள்ளைப் பல்லு தாங்குமா?”

“உள்ள பருப்பு இருக்கிறது உங்களுக்கு எப்படித் தெரியும்?”

வாத்தியார் தொண்டையைச் செருமினார். “பிள்ளைக்கு ஆகுமான்னு பார்க்க... ஒண்ணே ஒண்ணு.”

வாயைத் திறந்தபடியே மகள் நான்கு விரல்களைக் காட்டினாள்.

டாக்டரம்மா சிறு கண்ணாடியை விட்டு மேலும் கீழும் ஒவ்வொன்றாக எண்ணி முடித்தார். “இருபது. ஒண்ணும் குறையலை. ஒரு சொத்தைகூட இல்லை.”

“அப்போ இது?” வாத்தியார் உள்ளங்கையை விரித்தார்.

அதை வாங்கி விளக்கடியில் திருப்பினார் டாக்டரம்மா. அடிப்பக்கம் கிண்ணம் மாதிரி குடைவாக இருந்தது. “இது பல்லே இல்லை சார். பல்லுக்கு மேல போடுற உறை.”

வாத்தியாரின் நாக்கு மெல்ல வலது கடைவாய்ப் பக்கம் நகர்ந்தது. சட்டென்று வாயை இறுக மூடிக்கொண்டார்.

டாக்டரம்மா மகளின் தோளைத் தட்டினார்.

“நீ இறங்கிக்கோம்மா. சார், நீங்க ஏறிப் படுங்க.”