கேள்வி நேரம்

1989 சீசன். கொடைக்கானலில் ஓர் ஓட்டல் ஹாலில் டாக்டர் பரமானந்தம் முழங்கிக்கொண்டிருந்தார்.

"வெளிநாட்டுல கர்ப்பப்பைக்குள்ளேயே லேசர் விட்டு இரட்டைப் பிள்ளைகளைக் காப்பாத்துறாங்க. ரெண்டுல ஒண்ணு பொழச்சாலே அங்க அது வெற்றி. நமக்கு அது பத்தாது. ரெண்டும் வேணும்!"

கைதட்டல்.

மழையில் தொப்பலாக நனைந்த ஓர் ஆள் மேடைக்கு வந்து, கூட்டத் தலைவர் கஸ்பாரிடம் ஒரு சீட்டை நீட்டினார்.

"டாக்டரய்யாகிட்ட வெரசா குடுக்கணுங்க. அர்ஜெண்டு."

"கேள்வி கேக்குற எல்லாருக்கும் அர்ஜெண்டுதான். உக்காருங்க, டீ வரும்."

சீட்டு மற்ற கேள்விச் சீட்டுகளுக்கு அடியில் போனது. அந்த ஆள் இரண்டு முறை எழுந்தார். இரண்டு முறையும் உட்கார வைத்தார்கள்.

அரை மணி கழித்து கஸ்பார் அதை மைக்கில் வாசித்தார். "வடகவுஞ்சி கிராமத்துப் பெண். முதல் பிள்ளை பிறந்துவிட்டது. இரண்டாவது குறுக்கே கிடக்கிறது. என்ன செய்வது?"

"பிரமாதமான கேள்வி!" டாக்டர் மலர்ந்தார். "ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கக் கூடாது. டாக்டர் பக்கத்துலயே நின்னு பிள்ளையைத் திருப்பணும். அந்த நேரம் பார்த்து ஊர் சுத்தப் போற டாக்டரை வேலையை விட்டே தூக்கணும்!"

ஹால் அதிர்ந்தது.

"இவ்வளவு நல்ல கேள்வி, யாருங்க கேட்டது?"

நனைந்த ஆள் எழுந்தார். டீ தொடப்படாமல் ஆறிக் கிடந்தது.

"நம்ம ஆஸ்பத்திரி நர்ஸம்மாங்க. பின்பக்கமும் எழுதியிருக்காங்க."

கஸ்பார் சீட்டைத் திருப்பி, அதையும் மைக்கிலேயே வாசித்தார்.

"இன்று டூட்டி டாக்டர் நீங்கள்தான். ஜீப் அனுப்பியிருக்கிறேன். உடனே வரவும்."