பச்சை மூடி

“பச்சை மூடி பாட்டில்தான் டாக்டர்! ஒண்ணும் யோசிக்காதீங்க, அதையே எழுதிக் குடுங்க” என்றார் அப்பா, நாற்காலியில் சரியாக உட்காரும் முன்பே.

எட்டு வயது மகள், வீட்டில் எல்லோருக்கும் வாலு, அவருக்கும் அம்மாவுக்கும் நடுவில் இருந்தாள். வகுப்பில் கவனமே இல்லை, கூப்பிட்டால் காதில் விழுவதில்லை, பாதிப் பாடத்தில் எழுந்து வாசலுக்குப் போய்விடுகிறாள். பள்ளிக்கூடம் கையை விரித்துவிட்டது. இந்த மாதத்துக்குள் வைத்தியம் பார்த்துச் சரிசெய்யுங்கள், இல்லையென்றால் வேறு இடம் பாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

டாக்டரம்மா லேசில் மாத்திரை எழுதுகிறவர் இல்லை. எத்தனையோ பிள்ளைகளை அது கரையேற்றியதைப் பார்த்தவர்தான். ஆனாலும் இந்தப் பிள்ளைக்கு அது கேட்குமா என்று தெரிந்தாக வேண்டும் அவருக்கு. அதனால் சிவப்பு மூடியில் ஒரு பாட்டில், பச்சை மூடியில் ஒரு பாட்டில், ஒவ்வொன்றும் இரண்டு வாரம் என்று கொடுத்திருந்தார். ஒன்றில்தான் மருந்து, மற்றதில் வெறும் மாவு. எதில் எது என்று டாக்டருக்கே தெரியாது. மருந்துக்கடைக்காரர் எழுதி ஒட்டிக் கொடுத்த உறை மேசைமேல் இருந்தது.

டீச்சர் தினமும் எழுதி அனுப்பிய தாள்களை டாக்டர் புரட்டினார். சிவப்பு வாரங்களில் அதே வாலு. பச்சை வாரங்களில் வேறு பிள்ளை.

“ராத்திரி ஷிஃப்ட் பாத்துட்டுப் பகலெல்லாம் வீட்ல கெடக்கற ஆளு நான். ஸ்கூல்லேர்ந்து போன் வந்தாலே புகார்தான்” என்றார் அப்பா. “இந்தப் பச்சை பாட்டில் ரெண்டு வாரமும் வெளியூர்ல வேலையா இருக்கேன், டீச்சர் கூப்பிட்டு ஒரே பாராட்டு! காதுல தேன் பாய்ஞ்ச மாதிரி இருந்துச்சு டாக்டர்.”

அம்மா பேனா மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தாள்.

டாக்டர் உறையைப் பிரித்தார். படித்தார். மறுபடியும் படித்தார்.

“பச்சையில மருந்தே இல்லைங்க.”

“வெறும் மாவுக்கா அடங்கினா!” அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். கூடச் சிரிக்க அந்த அறையில் யாரும் இல்லை. டாக்டர் வாலுவின் பக்கம் திரும்பினார்.

“வாலு, பாடம் நடக்கறப்போ உன் மனசு எங்கம்மா போகும்?”

“வீட்டுக்கு.”

“பச்சை பாட்டில் மாத்திரை சாப்பிட்டப்போ மட்டும் போகலையா?”

“டாக்டருக்குப் பதில் சொல்லும்மா” என்று அப்பா அவள் தலையைத் தடவினார். அந்தக் கை நகரும்வரை வாலு மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தாள்.

பிறகு டாக்டரைப் பார்த்துச் சொன்னாள்.

“அப்பதான் அம்மா வீட்ல தனியா இருந்தாங்களே.”