குழாய்ச் சத்தம்

மேலதிகாரி அறைக்குள் கூப்பிட்டதும், வேலை போய்விட்டது என்றே கிளார்க் பெண் நினைத்தாள்.

“தினமும் பாத்ரூம்ல அரை மணி நேரம் என்னம்மா பண்றே?”

“வயித்துவலி மேடம்.”

“அழற சத்தம்ல கேக்குது!”

அவள் தலைகுனிந்தாள். “மனசுக்கு வைத்தியம் பாக்கறேன் மேடம். மூணு மருந்து மாத்தியாச்சு, எதுவும் பலிக்கலை. நிறுத்திடலாம்னு இருக்கேன்.”

“நீயா நிறுத்தாதே. பலிக்கலைன்னு டாக்டர்கிட்ட அப்படியே சொல்லு. அப்புறம்... குழாயைத் திறந்துவிட்டுக்கோ. வெளியே கேக்காது.”

“உங்களுக்கு எப்படி மேடம் தெரியும்?”

மேலதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். கண்கள் வீங்கியிருந்தன.

“பக்கத்து பாத்ரூம்ல குழாயைத் திறந்துவிட்டு அழறது நான்தான். எனக்கு இது அஞ்சாவது மருந்து. சாயங்காலம் டாக்டரைப் பாக்கணும், தனியாப் போகவே அலுப்பா இருக்கு. கூட வர்றியா?”