எவ்வளவு தண்ணீர்?

கருத்தரங்குத் திரையில் சுடர்க்கொடியின் துத்தநாகத் தகட்டுப் படம்.

கீழே பேராசிரியர் குணசீலனின் பெயர். பக்கத்தில் அவருடைய மருமகன் பெயர். அவ்வளவுதான்.

அவள் கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தாள். அடப்பாவி மனுஷா! தகட்டின் ஓரத்தில் அவள் கைதவறி வெட்டிய கோணல்கூட அப்படியே இருந்தது.

நகைப்பட்டறைகளில் மிஞ்சும் நைட்ரிக் அமிலத்தில் துத்தநாகத் தகட்டைப் போட்டு உரமாக்கலாம் என்று அவள் போய்ச் சொன்னபோது இதே மனிதர் சிரித்தார். சுண்ணாம்பு சேர்த்ததும் குடுவையில் அமோனியா வாடை வருகிறது என்றாள். பக்கத்தில் கக்கூஸ் இருக்கிறதம்மா என்றார். ஆய்வகமே விழுந்து விழுந்து சிரித்தது. அவளும் அசடு வழியச் சிரித்துத் தொலைத்தாள்.

சார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். படங்களை அவரிடமே கொடுத்துவிட்டு அந்த வேலையை மூட்டை கட்டினாள். வேறு தலைப்பில் ஆய்வேடு எழுதி முடித்தாள். முனைவர் பட்டத்துக்கு அவர் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

அரங்கம் கைதட்டியது. பழக்கதோஷத்தில் அவளும் இரண்டு தட்டு தட்டிவிட்டு நிறுத்தினாள்.

முன்வரிசையில் ஓர் அம்மாள் எழுந்தார். வெளியூரிலிருந்து வந்த விஞ்ஞானி. அமிலத்தில் எவ்வளவு தண்ணீர் கலந்தீர்கள் என்று கேட்டார்.

கேட்க வேண்டிய கேள்விதான். அடர்த்தியான அமிலம் என்றால் பழுப்புப் புகை கிளம்பும். கொஞ்சம் தண்ணீர் சேர்த்தால் நிறமில்லாத வாயு வரும். தண்ணீர் மேல் தண்ணீராக விட்டால்தான் அமோனியா உப்பு. அந்த அளவு தெரியாவிட்டால் உரமும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது.

குணசீலன் மருமகனைப் பார்த்தார். மருமகன் கூரையைப் பார்த்தான்.

அவர் பார்வை மெல்லக் கடைசி வரிசைக்கு வந்தது. சுடர்க்கொடி சொல்லுவாள் என்றார், வீட்டில் காபி கொண்டுவரச் சொல்கிற குரலில்.

மைக் கைமாறிக் கைமாறி அவளிடம் வந்தது.

அளவு நாக்கு நுனியில் நின்றது. சொன்னால் கையெழுத்து கிடைக்கும். சொல்லாவிட்டால் இத்தனை வருடப் படிப்பும் அம்போ.

அவள் எழுந்து மைக்கை வாயருகே பிடித்தாள்.

"என் பேரு அதுல இல்லீங்களே சார். எனக்கெப்படித் தெரியும்?"

அவள் உட்கார்ந்தாள். மைக்கைப் பக்கத்தில் இருந்தவரிடம் நீட்டினாள்.

கேள்வி கேட்ட அம்மாள் இன்னும் உட்காரவில்லை. மேடைக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று அவளையே பார்த்தார்.

"மைக்கக் குடுத்துடாதம்மா."